பழைய விண்டோஸை அழித்தால் புதியதும் திறக்கவில்லையா? இரண்டு டிஸ்க் உள்ள கம்ப்யூட்டருக்கான வழிமுறை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் முடிந்தது. அதை ஒட்டி ஈரோடு, பெருந்துறை, திருப்பூர் பக்கம் நிறையப் பேர் ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கை விட வேகமான புது வகை டிஸ்க்) வாங்கி அதில் விண்டோஸ் 11 போட்டுக்கொண்டார்கள். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றவில்லை. பழைய கணக்கெல்லாம் அதில் இருக்கிறது, உள்ளேயே கிடக்கட்டும் என்று விட்டார்கள். சில மாதம் கழித்து இடம் பற்றாமல், பழைய விண்டோஸைத் தூக்கிவிடலாம் என்று கை வைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஒரு 19-ஆம் தேதி சாயங்காலம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பார்ப்பவர் போன் செய்தார். "ஏனுங்கண்ணா, பழைய விண்டோஸ அழிச்சுப்போட்டனுங்க. இப்பப் புதுசும் வரமாட்டீங்குது. நாளைக்கு ஜிஎஸ்டி கடைசி நாளுங்க." குரல் நடுங்கியது. மாதா மாதம் 3பி தாக்கல் செய்கிறவர்களுக்கு 20-ஆம் தேதி என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போய்ப் பார்த்தேன். டாலி டேட்டா புது எஸ்எஸ்டியில் பத்திரமாக இருந்தது, விண்டோஸ் 11-க்கும் ஒன்றும் ஆகவில்லை. பழைய டிஸ்கில் இருந்த 100 எம்பி அளவுள்ள ஒரு சின்னப் பார்ட்டிஷனையும் (டிஸ்கில் தனியாகப் பிரித்து வைத்த பகுதி) சேர்த்து அழித்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் அது இல்லாமல் கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

நம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். புது வீடு கட்டிக் குடி போயாகிவிட்டது. ஆனால் ரோட்டிலிருந்து வருகிற இட்டேரி (வண்டிப் பாதை) பழைய வீட்டு வாசல் வழியாகத்தான் வருகிறது. பழைய வீட்டை இடித்துக் கல்லையும் மண்ணையும் அங்கேயே கொட்டினால் புது வீட்டுக்கு ஒரு சேதமும் இல்லை, போகத்தான் வழி இல்லை. விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போது, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு பூட் பார்ட்டிஷன் (ஆன் செய்ததும் விண்டோஸைத் தொடங்கிவைக்கும் ஃபைல்கள் உள்ள இடம்) இருந்தால் பல சமயம் அதையே பயன்படுத்திக்கொள்ளும். புது டிஸ்கில் தனியாக ஒன்று உண்டாக்காது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே உள்ள அறிகுறிகளில் முக்கால்வாசிக்குக் காரணம் தெரிந்துவிடும்.

கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் உச்சரிப்பாகவே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள், இடைவெளியை அப்படியே விடுங்கள்.

அறிகுறி: ஆன் செய்ததும் நீலத் திரையில் எந்த விண்டோஸ் வேண்டும் என்று கேட்கிறது

இதற்கு எதையும் அழிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டுங்கள். வருகிற பெட்டியில் பூட் என்ற தாவல் இருக்கும். அங்கே இரண்டு வரிகள் தெரியும். "கரன்ட் ஓஎஸ்" என்று எதன் பக்கத்தில் இருக்கிறதோ அது நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் விண்டோஸ். மற்ற வரியைத் தேர்வு செய்து டெலிட் கொடுத்தால் மெனு வராது. பெயர்ப்பலகையைக் கழற்றுவது போலத்தான் இது. பழைய விண்டோஸ் டிஸ்கில் அப்படியே இருக்கும், ஒரு எம்பி கூட மிச்சமாகாது. சிலருக்கு இதுவே போதும். போதுமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிரைவ் எழுத்தை நம்பாதீர்கள். புது விண்டோஸில் உட்கார்ந்து பார்த்தால் அது தன்னை சி என்கிறது, பழையதை டி என்றோ ஈ என்றோ காட்டுகிறது. பழைய விண்டோஸில் பூட் செய்து பார்த்தால் அதுதான் சி. "டி-யை அழி" என்று யாராவது போனில் சொல்லி, நீங்கள் வேறு விண்டோஸில் உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. அளவை வைத்து அடையாளம் காணுங்கள். 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று தெரியும், 500 ஜிபி டிஸ்க் 465 என்றும் 256 ஜிபி எஸ்எஸ்டி 238 என்றும் தெரியும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் டிவைஸ் மேனேஜரில் மாடல் பெயரைப் பார்த்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பழைய டிஸ்கைக் கழற்றினால் புது விண்டோஸ் திறக்கவில்லை

இது கோளாறு இல்லை, சோதனை. எதையும் அழிக்கும் முன்னால் எல்லோரும் இதைச் செய்தே ஆக வேண்டும். கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, கரன்ட் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்கின் சாட்டா வயரை மட்டும் கழற்றி ஆன் செய்யுங்கள். டேட்டா வயர் சின்னது, பக்கத்தில் உள்ள அகலமானது பவர் வயர். சின்னதைக் கழற்றினால் போதும். புது விண்டோஸ் வழக்கம்போல வந்தால் அதற்குத் தனி வழி இருக்கிறது என்று அர்த்தம், தைரியமாக அடுத்த வேலைக்குப் போகலாம். கறுப்புத் திரையில் "நோ பூட்டபிள் டிவைஸ்" என்றோ சரியான பூட் டிவைஸைத் தேர்வு செய் என்றோ வந்தால், இட்டேரி பழைய வீட்டு வழியாகப் போகிறது. பயப்பட ஒன்றுமில்லை, வயரைத் திருப்பி மாட்டினால் பழையபடி வரும்.

விண்டோஸ் வரவில்லை என்றாலோ, கேபினட்டைத் திறந்து வயரைக் கழற்றவே முடியாது என்றாலோ, டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் பட்டியலில் இருக்கும். ஒவ்வொரு பார்ட்டிஷனின் கீழேயும் அடைப்புக்குறிக்குள் சில சொற்கள் இருக்கும். "பூட்" என்று எழுதியிருப்பதுதான் பூட் ஃபைல்கள் உள்ள இடம் என்று எல்லோரும் நினைப்பார்கள். நிஜம் தலைகீழ். விண்டோஸ் ஃபோல்டர் உள்ள பார்ட்டிஷனைத்தான் மைக்ரோசாஃப்ட் "பூட்" என்கிறது. பூட் ஃபைல்கள் உள்ளது "சிஸ்டம்" என்று இருக்கும். "இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்" என்றும் போட்டிருக்கும். அது பழைய டிஸ்கில் மட்டும் இருந்து, புது டிஸ்கில் இல்லாவிட்டால் நாமே ஒன்று உண்டாக்க வேண்டும்.

அதற்கு முன் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டி, பயாஸ் மோடு என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ என்றிருந்தால் கீழே உள்ள வழி. லெகசி என்றிருந்தால் வேறு, அதைப் பிறகு சொல்கிறேன். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள்.

சரி, இரண்டு டிஸ்கும் மாட்டிய நிலையில், புது விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்க்பார்ட் என்று தட்டுங்கள். அப்புறம் வரிசையாக:

லிஸ்ட் வால்யூம்
செலக்ட் வால்யூம் சி
டிடெய்ல் டிஸ்க்

மூன்றாவது கட்டளையைத் தாண்டிப் போகாதீர்கள். அது டிஸ்கின் மாடல் பெயரைக் காட்டும். நீங்கள் காகிதத்தில் எழுதி வைத்த புது எஸ்எஸ்டியின் பெயர்தானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அதுதான் என்றால்:

ஷ்ரிங்க் டிசையர்டு=300
கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260
ஃபார்மட் குவிக் எஃப்எஸ்=ஃபேட்32
அசைன் லெட்டர்=இசட்
எக்ஸிட்

சி-யிலிருந்து 300 எம்பி எடுத்து, அதில் 260 எம்பிக்கு ஒரு பூட் பார்ட்டிஷன் உண்டாக்கி, இசட் என்று பெயர் வைத்திருக்கிறோம். டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்த பிறகு அதே கறுப்புத் திரையில் இந்த ஒரு வரி:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் இசட்: /எஃப் யூஇஎஃப்ஐ

பூட் ஃபைல்கள் வெற்றிகரமாக உருவாகிவிட்டன என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அந்த வரியைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனசு லேசாகும். ஷட்டவுன் செய்து, பழைய டிஸ்கின் வயரைக் கழற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். புது விண்டோஸ் தன் சொந்த வழியில் வரும். இரண்டு விண்டோஸ் கேட்கிற நீலத் திரையும் வராது, ஏனென்றால் புதிதாக எழுதிய பூட் பட்டியலில் ஒரே பெயர்தான் இருக்கிறது. வராவிட்டால் பயாஸில் (விண்டோஸ் வரும் முன்னால் திறக்கும் செட்டிங் திரை) நுழைந்து, பூட் வரிசையில் புது டிஸ்கின் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றுங்கள்.

ஷ்ரிங்க், ஃபார்மட் ஓடும்போது கரன்ட் போகக் கூடாது. பராமரிப்புக்காகக் கரன்ட் நிறுத்துகிற நாளில் இந்த வேலையை எடுக்காதீர்கள். டெஸ்க்டாப்பாக இருந்தால் யுபிஎஸ் கட்டாயம்.

லெகசி மோடில் உள்ளவர்களுக்கு வேலை குறைவு. டிஸ்க்பார்ட்டில் புது டிஸ்கின் சி-யைத் தேர்வு செய்து ஆக்டிவ் என்று தட்டி, வெளியே வந்து பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் சி: /எஃப் பயாஸ் என்று கொடுங்கள். பழையதைக் கழற்றிப் பார்த்து அப்படியும் வராவிட்டால், விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுங்கள்.

அறிகுறி: பழைய விண்டோஸ் ஃபோல்டரை டெலிட் செய்தால் அனுமதி இல்லை என்கிறது

அந்த ஃபைல்களின் சொந்தக்காரர் நீங்கள் இல்லை, டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் உள் கணக்கு. ஓனர்ஷிப்பை மாற்றி ஒவ்வொன்றாக அழிக்கலாம் என்று யூடியூபில் சொல்வார்கள். அரை நாள் போகும், பாதி மிஞ்சும். வேண்டியதை எடுத்துக்கொண்டு பார்ட்டிஷனையே ஃபார்மட் செய்வதுதான் சரி.

வேண்டியதை எடுப்பது என்றால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மட்டும் இல்லை. டாலி பிரைம் வழக்கமாக டேட்டாவை யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பப்ளிக் என்ற இடத்தில் வைக்கிறது. உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் கணக்கு வராது. எங்கே இருக்கிறது என்று சந்தேகமாக இருந்தால், டாலியில் கம்பெனி தேர்வு செய்யும் திரையில் டேட்டா இருக்கும் பாதை காட்டும். அந்தப் பாதையில் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும், அவைதான் கம்பெனிகள். குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களில் சேமித்த பாஸ்வேர்டுகள் ஃபோல்டரைக் காப்பி செய்தால் வராது. பழைய விண்டோஸில் ஒருமுறை பூட் செய்து, பிரவுசருக்குள் இருந்தே எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

பிரிண்டிங் பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கோபி பக்கம் ஒரு பிரஸ்ஸில் பழைய விண்டோஸைச் சுத்தமாக அழித்துக் கொடுத்தேன். மறுநாள் பேஜ்மேக்கரில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திறந்தார்கள். மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்தது. பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் யூனிகோடு இல்லை. அந்த ஃபாண்ட் இருந்தால்தான் அது தமிழ். பல வருடமாகச் சேர்த்து வைத்த ஃபாண்ட் எல்லாம் பழைய விண்டோஸுக்குள் ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டரில் இருந்தன. அதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. அக்கம் பக்கத்து பிரஸ்களில் கேட்டுத் திரட்டிக் கொடுக்க இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸை முழுதாகக் காப்பி எடுக்காமல் நான் ஃபார்மட் கொடுப்பதில்லை. எம்ப்ராய்டரி டிசைன், சிஎன்சி புரோகிராம் வைத்திருப்பவர்களும் அந்த சாஃப்ட்வேர் தன் ஃபைல்களை எங்கே சேமிக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பல சாஃப்ட்வேர்கள் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன.

அறிகுறி: ஃபார்மட் கொடுக்க முடியவில்லை

டிஸ்க் மேனேஜ்மென்டில் ஃபார்மட் மங்கலாக இருந்தாலோ, சிஸ்டம் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்ய முடியாது என்று வந்தாலோ, விண்டோஸ் உங்களைக் காப்பாற்றுகிறது. பூட் ஃபைல்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. மேலே சொன்ன வேலையை முடித்து, பயாஸில் புது டிஸ்கை முதலில் வைத்து பூட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அது முடிந்தும் "உபயோகத்தில் இருக்கிறது" என்று வந்தால் பேஜ் ஃபைல் (மெமரி பற்றாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் ஃபைல்) தான் காரணமாக இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பார்ட்டிஷனின் கீழே பேஜ் ஃபைல் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் மெமரிக்குப் போய், அந்த டிரைவுக்கு நோ பேஜிங் ஃபைல் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் விடும்.

ரெக்கவரி பார்ட்டிஷனில் ரைட் கிளிக் செய்தால் ஹெல்ப் மட்டும்தான் வரும். பழைய டிஸ்கில் உள்ளதுதான் என்று உறுதியானால் டிஸ்க்பார்ட்டில் அந்தப் பார்ட்டிஷனைத் தேர்வு செய்து டெலிட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு என்று தட்டுங்கள். கிளீன் என்ற கட்டளையைப் பலர் பரிந்துரைப்பார்கள், மொத்த டிஸ்கையும் ஒரே அடியில் காலி செய்துவிடும் என்று. செய்யும். ஆனால் "நிச்சயமாகவா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. வேறு டிஸ்கில் நின்றுகொண்டு தட்டினால் அதுவும் கேட்காமல் போய்விடும். கிளீன் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், முந்தின கட்டளையாக டிடெய்ல் டிஸ்க் இருக்கட்டும்.

அறிகுறி: ஏற்கெனவே அழித்தாகிவிட்டது, புது விண்டோஸ் வரவில்லை

நோ பூட்டபிள் டிவைஸ் என்றோ, நீலத் திரையில் 0xசி000000இ, 0xசி0000225 போன்ற எண்ணோ வரும். முதல் வேலை, பழைய டிஸ்கின் வயரைக் கழற்றுங்கள். அது மாட்டியிருக்கும்வரை குழப்பம்தான். இரண்டாவது, புது டிஸ்கில் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். கடைக்குக் கொண்டுபோனால் பல இடத்தில் முதலில் அதைத்தான் சொல்வார்கள். தேவையே இல்லை.

வேறு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவில் இன்ஸ்டாலர் தயார் செய்யுங்கள். பென்டிரைவில் உள்ளது அழியும், அதனால் காலியானதாக எடுங்கள். பூட் மெனுவுக்கு டெல், லெனோவாவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. பட்டியலில் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை வந்தால் யூஇஎஃப்ஐ என்று தொடங்குவதைத் தேர்வு செய்யுங்கள். மொழி கேட்கும் முதல் திரையிலேயே ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை திறக்கும். அதில் மேலே சொன்ன டிஸ்க்பார்ட், பிசிடிபூட் வேலைகளைச் செய்யலாம். ஒரே வித்தியாசம், பென்டிரைவில் பூட் செய்யும்போது டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். சி என்று நினைத்தது டி-யாக இருக்கும். லிஸ்ட் வால்யூமில் அளவைப் பார்த்து எது உங்கள் விண்டோஸ் என்று கண்டுபிடித்து, கட்டளையில் அந்த எழுத்தைப் போடுங்கள். அந்தத் திருப்பூர்க் கம்ப்யூட்டருக்கு இதைத்தான் செய்தேன். இருபது நிமிடத்தில் டாலி திறந்தது.

டிரைவ் பூட்டியிருக்கிறது என்று வந்தால் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறது. 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் எதுவும் நடக்காது. விண்டோஸ் 11-ஐ இன்ஸ்டால் செய்தபோது எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தீர்களோ அதற்குள் போனில் நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே சேமித்திருக்கும். கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தவர் தன் அக்கவுண்டில் நுழைந்திருந்தால் கீயும் அவரிடம்தான் இருக்கும். இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். உங்கள் கம்ப்யூட்டரை யார் செட் செய்து கொடுத்தாலும், அது உங்கள் அக்கவுண்டில்தான் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அறிகுறி: லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்த பிறகு கறுப்புத் திரையில் கிரப் என்று நிற்கிறது

காலேஜில் ப்ராஜெக்ட்டுக்காக உபுண்டு போட்டு, படிப்பு முடிந்ததும் அழிக்கிற பிள்ளைகளுக்கு வருவது. லினக்ஸ் போய்விட்டது, அதன் பூட் லோடர் மட்டும் முன்னால் நிற்கிறது. யூஇஎஃப்ஐ கம்ப்யூட்டரில் பயாஸுக்குள் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலில் வைத்தால் பெரும்பாலும் அதோடு தீர்ந்தது. லெகசியாக இருந்தால் பென்டிரைவில் பூட் செய்து பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்.

அறிகுறி: எல்லாம் முடிந்தும் பயாஸில் பழைய பெயர் நிற்கிறது

விண்டோஸ் பூட் மேனேஜர் என்றோ உபுண்டு என்றோ செத்துப்போன ஒரு வரி மதர்போர்டின் நினைவில் தங்கியிருக்கும். கெடுதல் இல்லை. கண்ணை உறுத்தினால் பிசிடிஎடிட் /இனம் ஃபர்ம்வேர் (இனம் என்பதற்கு இ, என், யு, எம் எழுத்துகள்) என்று தட்டிப் பட்டியலைப் பார்த்து, அந்தப் பதிவின் நீண்ட அடையாள எண்ணை அடைப்புக்குறியோடு அப்படியே காப்பி செய்து, பிசிடிஎடிட் /டெலிட் என்பதற்குப் பின்னால் ஒட்டுங்கள்.

காலியான பழைய டிஸ்கில் வந்த இடத்தை சி-யோடு சேர்க்க முடியுமா என்று கேட்பார்கள். வேறு டிஸ்கில் உள்ள இடத்தைச் சாதாரணமாகச் சேர்க்க முடியாது. தனி டிரைவாகத்தான் இருக்கும். அதில் எதையாவது போட்டு வைக்கும் முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்கள். குட் என்று நீலத்தில் வந்தால் டாலி பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மஞ்சளில் காஷன் என்று வந்தால் அந்த டிஸ்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள், படங்கள் வைக்கக்கூட வேண்டாம்.